ஆட்டோமேஷன் டெஸ்டிங் கற்க எந்தப் புத்தகம்? வாங்கும் முன் தேதியைப் பாருங்கள்!

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கும் பலரின் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கும். தடிமனான செலினியம் புத்தகம். முதல் நாற்பது பக்கம்வரை பென்சில் கோடுகள். அதற்குப் பிறகு கடையில் வாங்கியபோது இருந்த அதே மெருகு.

பாதியில் நிறுத்தியவரைக் கேட்டால், "எனக்கு கோடிங் வராது" என்பார். நடந்தது பெரும்பாலும் வேறு. மூன்றாவது அத்தியாயத்தில் இருந்த புரோகிராமை எழுத்துப் பிசகாமல் டைப் செய்திருப்பார். அது ஓடியிருக்காது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. எங்கே தப்பு என்று இரண்டு இரவு தேடிவிட்டு, தப்பு தன்னிடம்தான் என்று முடிவுகட்டிப் புத்தகத்தை மூடியிருப்பார். அந்தப் புத்தகம் எழுதப்பட்ட பிறகு செலினியமே மாறிவிட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வயது 35, வீட்டுக் கடன் பாதி பாக்கி, அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு ஆட்டோமேஷன் தெரிந்தவர்கள்தான் வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்ட நிலையில் இருப்பவருக்கு, தவறான புத்தகத்தால் போவது புத்தகத்தின் விலை மட்டும் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம் மாதக்கணக்கில் போகிறது. கூடவே தன்னம்பிக்கையும் போகிறது.

அதனால் எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்பதற்கு முன், எந்த வகைப் புத்தகம் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஆட்டோமேஷன் என்பது என்ன?

ஒரு மளிகை ஆப்பில் கூப்பன் போட்டால் பத்து சதவிகிதம் தள்ளுபடி வர வேண்டும். ஒவ்வொரு முறை ஆப்பைப் புதுப்பிக்கும்போதும், தள்ளுபடி சரியாக வருகிறதா என்று ஒருவர் கையால் பொருளைக் கூடையில் போட்டு, கூப்பனைத் தட்டி, தொகையைப் பார்த்தால் அது மேனுவல் டெஸ்டிங். இதே வேலையைச் செய்ய ஒரு சிறு புரோகிராம் எழுதிவைத்து, இரவில் தானாக ஓடவிட்டுக் காலையில் முடிவைப் பார்ப்பது ஆட்டோமேஷன்.

இதில் மூன்று திறமைகள் இருக்கின்றன. எதைச் சோதிக்க வேண்டும் என்று யோசிப்பது முதலாவது. அதைப் புரோகிராமாக எழுத ஜாவா, பைத்தான் மாதிரி ஒரு மொழி தெரிந்திருப்பது இரண்டாவது. பிரவுசரைத் திறந்து பட்டனை அழுத்தும் செலினியம், பிளேரைட் போன்ற கருவியைக் கையாளுவது மூன்றாவது. பலரும் மூன்றாவதற்கு மட்டும் புத்தகம் வாங்குகிறார்கள். மூன்றில் மிக வேகமாகப் பழசாவதும் அதுதான்.

சிந்தனை பற்றிய புத்தகம் பழைய அரிசி மாதிரி. வருடம் போனாலும் மதிப்புக் குறையாது. கருவிப் புத்தகம் பால் பாக்கெட் மாதிரி. தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது.

செலினியம் கடந்த பாதை

2004-ல் அமெரிக்காவின் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கியது செலினியம். அப்போது இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் மெர்குரி இன்டராக்டிவ். மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு செலினியம் மாற்று மருந்து என்ற வேடிக்கையில்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

மெர்குரியின் கியூடிபி என்ற கருவிதான் அன்று பல ஐடி நிறுவனங்களில் ஆட்டோமேஷனுக்கு மறுபெயர். 2006-ல் மெர்குரியை ஹெச்பி வாங்கியது. கியூடிபி பிறகு யூஎஃப்டி ஆனது. ஹெச்பியிடமிருந்து மைக்ரோ ஃபோகஸுக்கும், 2023-ல் ஓப்பன்டெக்ஸ்ட் நிறுவனத்துக்கும் கை மாறியது. அதில் ஸ்கிரிப்ட் எழுதப் பயன்பட்ட விபிஸ்கிரிப்ட் மொழியை விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப்போவதாக 2023-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. பழைய புத்தகக் கடையில் கியூடிபி புத்தகம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

செலினியமும் அதே இடத்தில் நிற்கவில்லை. சைமன் ஸ்டூவர்ட் தனியாக உருவாக்கிய வெப்டிரைவருடன் இணைந்து 2011-ல் செலினியம் 2 வந்தது. 2016-ல் 3, 2021-ல் 4. ஒவ்வொரு முறையும் சில பழைய கட்டளைகள் கழிக்கப்பட்டன. பைத்தானில் ஒரு பட்டனைத் தேட 'ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி' என்று எழுதுவதை ஒரு காலத்தில் எல்லாப் புத்தகமும் சொல்லிக்கொடுத்தது. 2022-ல் வந்த 4.3 பதிப்பில் அந்தக் கட்டளையே நீக்கப்பட்டுவிட்டது. ஜாவாவில் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதை முன்பு வெறும் 10 என்று எழுதினால் போதும். இப்போது 'டியூரேஷன்' என்ற வடிவில் கொடுக்க வேண்டும்.

நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோனவர் முட்டிக்கொண்டது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு சுவரில்தான்.

முதல் தட்டு: யோசிக்கக் கற்றுத்தரும் புத்தகங்கள்

கிளென்ஃபோர்ட் மையர்ஸ் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' 1979-ல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2011-ல் வந்தது. மெல்லிய புத்தகம்தான். தொடக்கத்திலேயே வாசகருக்கு ஒரு சோதனை வைக்கிறது. மூன்று எண்களை வாங்கிக்கொண்டு, அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் சமபக்கமா, இருசமபக்கமா, எல்லாப் பக்கமும் வேறுபட்டதா என்று சொல்லும் ஒரு புரோகிராம். இதைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்?

3, 4, 5 என்று எழுதுவார்கள். 5, 5, 5 என்று எழுதுவார்கள். 1, 2, 3 கொடுத்தால் முக்கோணமே அமையாது என்பது சிலருக்குத்தான் தோன்றும். பூஜ்ஜியம், மைனஸ் எண், எண்ணுக்குப் பதில் எழுத்து, இரண்டே எண்கள், 3, 3, 4 என்பதையே 3, 4, 3 என்று இடம் மாற்றிக் கொடுப்பது... பட்டியல் நீளும். மொத்தம் 14 கேள்விகள். அனுபவமுள்ள புரோகிராமர்களே சராசரியாக 7.8-தான் வாங்குகிறார்கள் என்கிறார் மையர்ஸ். கடையில் நின்றபடியே இந்த ஒரு பகுதியைச் செய்து பார்த்தால், இந்த வேலை தனக்குப் பிடிக்குமா என்பதும் தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் "இந்தப் பேனாவை எப்படிச் சோதிப்பீர்கள்?", "லிஃப்ட்டை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, கெம் கேனர், ஜேம்ஸ் பாக், பிரெட் பெட்டிகார்ட் மூவரும் எழுதிய 'லெசன்ஸ் லேர்ன்ட் இன் சாஃப்ட்வேர் டெஸ்டிங்'. 2001-ல் வந்தது. மொத்தம் 293 பாடங்கள். பல பாடங்கள் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். எந்த இடத்திலும் திறந்து படிக்கலாம் என்பதால், மின்சார ரயிலில் போய்வருகிறவர்களுக்குத் தோதான புத்தகம். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க ஆட்டோமேஷன்தான்.

மூன்றாவது, மார்க் ஃபியூஸ்டரும் டோரதி கிரஹாமும் 1999-ல் எழுதிய 'சாஃப்ட்வேர் டெஸ்ட் ஆட்டோமேஷன்'. இதில் வரும் கருவிகள் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் மவுஸ் அசைவைப் பதிவுசெய்து திரும்ப ஓட்டிவிட்டால் அது ஆட்டோமேஷன் ஆகிவிடாது என்று ஒரு முழு அத்தியாயத்தில் விளக்குகிறார்கள். வந்த முடிவையும் வர வேண்டிய முடிவையும் எப்படி ஒப்பிடுவது, எழுதிய ஸ்கிரிப்ட்களை வருடக்கணக்கில் எப்படிப் பராமரிப்பது என்ற பகுதிகள் இன்றும் அப்படியே பொருந்துகின்றன. இது வாங்குவதைவிட நூலகத்தில் எடுத்துப் படிக்க ஏற்ற புத்தகம்.

ஏஐ கருவியிடம் கேட்டால் நொடியில் ஸ்கிரிப்ட் எழுதித் தரும் காலத்தில் இந்தத் தட்டின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. கூப்பன் பட்டனை அழுத்திவிட்டு, தொகை குறைந்ததா என்று பார்க்காமலேயே 'பாஸ்' போடும் ஸ்கிரிப்ட்டையும் அது அழகாக எழுதித் தரும். அதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவருக்குத்தான் சம்பளம்.

இரண்டாம் தட்டு: மொழி

ஜாவாவா, பைத்தானா என்ற கேள்விக்குப் புத்தகக் கடையில் பதில் தேட வேண்டாம். வேலையில் இருப்பவர் தன் அலுவலகத்தின் ஆட்டோமேஷன் டீமிடம் கேட்டால் போதும். வேலை தேடுபவர், தான் விண்ணப்பிக்க நினைக்கும் பத்து விளம்பரங்களை எடுத்து, எந்த மொழி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். மொழி முடிவான பிறகு ஒரே ஒரு புத்தகம் போதும்.

ஜாவா என்றால் 'ஹெட் ஃபர்ஸ்ட் ஜாவா'. படமும் கேலியுமாகச் சொல்லிக்கொடுக்கும். கவனிக்க வேண்டியது பதிப்பு. 2005-ல் வந்த இரண்டாம் பதிப்பு பழைய கடைகளில் குவிந்து கிடக்கும். வாங்க வேண்டியது 2022-ல் வந்த மூன்றாம் பதிப்பு.

பைத்தான் என்றால் எரிக் மேத்தஸ் எழுதிய 'பைத்தான் கிராஷ் கோர்ஸ்'. 2023-ல் வந்த மூன்றாம் பதிப்பில், டெஸ்ட்டர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் பைடெஸ்ட்டைக் கொண்டு எழுதிய தனி அத்தியாயமே இருக்கிறது. காசு செலவழிக்காமல் தொடங்க நினைப்பவர்களுக்கு அல் ஸ்வைகார்ட்டின் 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' இருக்கிறது. ஆசிரியரே இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறார்.

ஆங்கிலப் புத்தகம் தடையாக இருந்தால், கணியம் அறக்கட்டளையின் 'எளிய தமிழில்' வரிசையைத் தேடலாம். சாஃப்ட்வேர் டெஸ்டிங், செலினியம் இரண்டுக்குமே அதில் இலவச மின்னூல்கள் உண்டு. கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, கட்டளைகளை மட்டும் இன்றைய பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் தட்டு: கருவி

இந்தத் தட்டில்தான் கை அடக்கம் வேண்டும். செலினியத்துக்கும் பிளேரைட்டுக்கும் அவற்றை உருவாக்கியவர்களே இலவச வழிகாட்டியை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கருவி மாறும்போது அதுவும் மாறும். 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட்டுக்கு அந்த வழிகாட்டியிலேயே தொடங்கிவிடலாம்.

வரிசையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகம் கையில் இருந்தால்தான் படிக்க வரும் என்பவர்கள் உண்டு. ஜாவாவில் செலினியம் கற்க போனி கார்சியா எழுதிய 'ஹேண்ட்ஸ்-ஆன் செலினியம் வெப்டிரைவர் வித் ஜாவா' பொருந்தும். 2022-ல் வந்தது, செலினியம் 4-ஐ அடிப்படையாகக் கொண்டது. பைத்தான் பக்கம் இருப்பவர்களுக்கு பிரையன் ஓக்கனின் 'பைத்தான் டெஸ்டிங் வித் பைடெஸ்ட்', 2022-ல் வந்த இரண்டாம் பதிப்பு.

கடையில் பத்து நிமிடப் பரிசோதனை

வேறு ஒரு கருவிப் புத்தகம் கண்ணில் பட்டால், பில் போடும் முன் ஐந்து இடங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1. பதிப்புரிமைப் பக்கம்: மறுஅச்சு ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தப் பதிப்பு முதலில் வெளியான ஆண்டு எது, கருவியின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். செலினியம் என்றால் 2021-க்கு முந்தைய புத்தகத்தை வைத்துவிடலாம்.

2. இன்ஸ்டால் அத்தியாயம்: குரோம்டிரைவரைத் தனியாக இறக்கி, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று எழுதச் சொல்கிறதா? முன்பு அதுதான் வழி. குரோம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் பழைய டிரைவர் பொருந்தாமல் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 2022-ன் இறுதியிலிருந்து செலினியமே தேவையான டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பேச்சே இல்லாத புத்தகம் பழையது.

3. காத்திருத்தல்: இணையப் பக்கம் திறக்கச் சில நேரம் இரண்டு விநாடி ஆகும், சில நேரம் எட்டு. எல்லா இடத்திலும் 'ஸ்லீப்' போட்டு ஐந்து விநாடி தூங்கச் சொல்லும் புத்தகம் ஒரு நோயைக் கற்றுத்தருகிறது. அப்படி எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு நாள் பாஸ் ஆகும், மறுநாள் காரணம் இல்லாமல் ஃபெயில் ஆகும். பட்டன் வரும்வரை காத்திரு என்று சொல்லத் தனி அத்தியாயமே வைத்திருந்தால், எழுதியவர் வேலை பார்த்தவர் என்று நம்பலாம்.

4. பேஜ் ஆப்ஜெக்ட்: பொருளடக்கத்தில் இந்தச் சொல் இருக்க வேண்டும். லாகின் பக்கத்தின் விவரங்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கும் முறை இது. இது தெரியாமல் நூறு ஸ்கிரிப்ட் எழுதியவர், லாகின் பட்டனின் பெயர் மாறினால் நூறையும் திருத்த வேண்டியிருக்கும்.

5. எதை ஆட்டோமேட் செய்யக் கூடாது: இதைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா? எல்லாவற்றையும் செய்யலாம் என்று சொல்லும் புத்தகம் கருவியின் விளம்பரமாகத்தான் இருக்கும்.

'500 கேள்வி-பதில்' வகை நேர்முகத் தேர்வுப் புத்தகங்களுக்கும் இதே தேதிப் பரிசோதனை பொருந்தும். பழைய பதிலை மனப்பாடமாக ஒப்பிப்பவரை, இரண்டாவது கேள்வியிலேயே எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். ஐஎஸ்டிகியூபி சான்றிதழுக்குப் படிப்பவர்களும் கவனிக்க வேண்டும். அடிப்படை நிலைக்கு 2023-ல் 4.0 பாடத்திட்டம் வந்துவிட்டது. 2018 பாடத்திட்டத்துக்கான கைடுகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. பாடத்திட்டம் முழுவதையும் அந்த அமைப்பின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

யாருக்கு எந்த வரிசை?

பல வருடம் மேனுவல் டெஸ்டிங் செய்தவருக்கு முதல் தட்டு ஓரளவு கைவசம் இருக்கிறது. அவர் மொழியில் தொடங்க வேண்டும். இரண்டு மாதமாவது மொழிக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு கருவிக்கு வந்தால், நாற்பதாம் பக்கத்தில் பிழை வரும்போது அது எதனால் வருகிறது என்று படிக்கத் தெரிந்திருக்கும்.

கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுபவருக்கு மொழி கொஞ்சம் தெரியும். எதைச் சோதிப்பது என்று தெரியாது. மையர்ஸின் முக்கோணத்தில் தொடங்குவது அவருக்கு நல்லது.

திருமணம், பிரசவம், குழந்தை வளர்ப்பு என்று எட்டு, பத்து வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்குத்தான் பயம் அதிகம். அவர்கள் விட்டுப்போனபோது இருந்தது கியூடிபியும் விபிஸ்கிரிப்ட்டும். அந்த இரண்டும் இன்று உதவாது என்பது உண்மை. ஆனால் ஒரு திரையைப் பார்த்ததும் எங்கே உடையும் என்று தோன்றுகிறதே, அந்தக் கண் மங்கவில்லை. முதல் இரண்டு வாரம் புதிய ஐஎஸ்டிகியூபி பாடத்திட்டத்தைப் புரட்டினால், எத்தனை விஷயம் அப்படியே இருக்கிறது என்று தெரிந்து தெம்பு வரும். பிறகு பைத்தான் அல்லது ஜாவாவைக் கையில் எடுக்கலாம்.

மூவருக்கும் பொதுவான ஒன்று: படித்த அன்றே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக ரயில் டிக்கெட் தளத்திலோ வங்கித் தளத்திலோ ஸ்கிரிப்ட்டை ஓடவிடக் கூடாது. அது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். பயிற்சிக்கென்றே சாஸ்லேப்ஸ் நிறுவனம் 'சாஸ் டெமோ' என்ற போலிக் கடை ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. வேண்டுமென்றே கோளாறு வைத்த பயனர் கணக்குகளும் அதில் உண்டு. பிழையைப் பிடித்துப் பழக அது போதும்.

செலவு எவ்வளவு?

ஒரே நாளில் ஐந்து புத்தகம் ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. ஒரு மொழிப் புத்தகம், ஒரு சிந்தனைப் புத்தகம். கருவிக்கு இலவச வழிகாட்டி. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவே போதும். வாங்கும் முன் அதே பதிப்புக்கு இந்திய மறுஅச்சு இருக்கிறதா என்று தேடினால் விலை வெகுவாகக் குறையும். சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்காரர்கள் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கணினிப் பிரிவை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களில் பெரும்பாலும் பழைய பதிப்பே இருக்கும் என்பதால் அவற்றால் லாபமும் இல்லை.

ஏற்கெனவே அலமாரியில் பாதியில் நிற்கும் செலினியம் புத்தகம் இருந்தால், இன்று இரவு அதன் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து ஆண்டைப் பார்க்கலாம். 2015 என்றோ 2017 என்றோ இருந்தால், அன்று ஓடாமல் போன புரோகிராமுக்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதே புரோகிராமை செலினியம் தளத்தின் இன்றைய வழிகாட்டியைப் பார்த்து எழுதி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கோடிங் வருமா வராதா என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.